துப்பாக்கி லைசென்ஸ்: யாருக்குக் கிடைக்கும்? கணக்கு யாரிடம்? பயிற்சி எங்கே இடிக்குது?

2024 அக்டோபர் 1. பொழுது விடியும் முன்பே மும்பையிலிருந்து ஒரு பிரேக்கிங் நியூஸ் வந்தது. பாலிவுட் நடிகர் கோவிந்தாவின் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்துவிட்டது. யாரோ சுட்டுவிட்டார்கள் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். விசாரித்தால், அது அவருடைய ரிவால்வரேதான். கொல்கத்தா கிளம்பும் அவசரத்தில் அலமாரியில் வைக்கும்போது கை தவறிக் கீழே விழுந்து வெடித்திருக்கிறது. அதற்கு முறையான லைசென்ஸும் இருந்தது.

அப்படியென்றால், லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதுமா? பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று யார் சரிபார்க்கிறார்கள்? அந்தத் துப்பாக்கி யாரிடம், எங்கே இருக்கிறது என்ற கணக்கு யாரிடம் இருக்கிறது? அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் கிளம்புகிற கேள்விகள் இவை. இந்தியாவிலும் இதே விவாதம் உண்டு. நாம் அதிகம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

சுருக்கமா சொன்னா...

• இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை. ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் அரசு கொடுக்கும் அனுமதி.

• 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் 5 ஆண்டுகள் செல்லும்.

• 2016 விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம்.

• உண்மையான சிக்கல் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளில்தான் இருக்கிறது. அதற்காக லைசென்ஸ் முறையில் ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை.

மூணு வார்த்தை, மூணு வேலை

இந்த விவாதத்தில் லைசென்ஸ், பதிவு, பயிற்சி என்ற மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றும் வேறு வேறு.

லைசென்ஸ் என்பது ஆளைப் பற்றியது. இந்த நபரை நம்பி ஆயுதத்தைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கான பதில். பதிவு என்பது பொருளைப் பற்றியது. இந்த எண் கொண்ட துப்பாக்கி இப்போது யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு. பயிற்சி என்பது கையைப் பற்றியது. எடுக்க, வைக்க, பூட்ட, தோட்டாவை இறக்கத் தெரியுமா என்பது.

பைக்கோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். டிரைவிங் லைசென்ஸ் வேறு, ஆர்.சி. புக் வேறு, ஓட்டக் கற்றுக்கொள்வது வேறு. ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொன்று தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. துப்பாக்கி விஷயத்தில் மட்டும் சில நாடுகள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிட்டுப் பார்த்திருக்கின்றன. கனடா 2012-ல் நீளக்குழல் துப்பாக்கிகளுக்கான பதிவேட்டைச் செலவு அதிகம், பலன் குறைவு என்று சொல்லி ஒழித்தது. ஆனால் லைசென்ஸையும் கட்டாயப் பயிற்சியையும் விடவில்லை. நியூசிலாந்து நேர் எதிர்த் திசையில் போனது. கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 2019-ல் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, பல ஆண்டுகளுக்கு முன்பு கைவிட்டிருந்த முழுமையான பதிவேட்டை 2023-ல் மீண்டும் தொடங்கியது.

இந்தியா காகிதத்தில் மூன்றையும் வைத்திருக்கிற நாடு. களத்தில் எப்படி என்பதுதான் கேள்வி.

ஆயுதம் வைத்திருக்க உரிமை உண்டா?

கதை 1857-ல் தொடங்குகிறது. அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியர்கள் கையில் ஆயுதம் இருப்பதே ஆபத்து என்று பிரிட்டிஷ் அரசு நினைத்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. இந்தப் பாகுபாடு சுதந்திரப் போராட்டத் தலைவர்களைக் கொதிக்க வைத்தது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே எழுதப்பட்டது.

ஆனால் அரசியல் சாசனம் எழுதும்போது நிலைமை மாறியது. அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையைச் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. குற்றவாளிகளுக்கும் அந்த உரிமையைக் கொடுக்க முடியுமா என்பதுதான் அவர் தரப்பு வாதத்தின் மையம். திருத்தம் தோற்றது. தேசப் பிரிவினை ரத்தம் காயாத காலம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962-ல் அமலுக்கு வந்தது. இன்றுவரை அதுதான் அடிப்படை. 2023 பிப்ரவரியில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பற்றி உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியபோதும் இதையே சுட்டிக்காட்டியது. அமெரிக்கா மாதிரி இங்கே ஆயுதம் ஏந்தும் உரிமையை அரசியல் சாசனத்தை உருவாக்கியவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

சரி, லைசென்ஸ் எப்படி வாங்குறாங்க?

சாதாரண ஆள் விண்ணப்பிக்கக்கூடியது தடை செய்யப்படாத வகை ஆயுதத்துக்குத்தான். ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள் போன்ற தடை செய்யப்பட்ட வகை என்றால் மத்திய உள்துறை அமைச்சகம்தான் முடிவெடுக்கும். அது அபூர்வம்.

நடைமுறை சுமாராக இப்படி:

1. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். துப்பாக்கி சுடும் விளையாட்டுப் பயிற்சிக்கு மட்டும் இதில் தளர்வு உண்டு.

2. மாவட்டமாக இருந்தால் கலெக்டரிடம், மாநகரக் காவல் எல்லையாக இருந்தால் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பம்.

3. உள்ளூர் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். வழக்கு இருக்கா, குணம் எப்படி, அக்கம்பக்கத்தில் தகராறு உண்டா, உண்மையிலேயே மிரட்டல் இருக்கா என்றெல்லாம் பார்ப்பார்கள். விதிப்படி இதற்கு 30 நாள்.

4. பயிற்சிச் சான்றிதழ், பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவை இணைக்க வேண்டும்.

5. அனுமதி கிடைத்த பிறகுதான் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் துப்பாக்கி வாங்க முடியும். வாங்கியதும் அதன் வகை, எண் எல்லாம் லைசென்ஸில் ஏறும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும்.

சட்டத்தில் ஒரு சுவாரஸ்யமான வேறுபாடு இருக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரணத் துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்டாலும், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டு வகைத் துப்பாக்கியைக் கேட்டாலும், தகுதிக் குறைவு இல்லாதவருக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்ற தொனியில்தான் சட்டப்பிரிவு 13 பேசுகிறது. ரிவால்வர், பிஸ்டல் என்று வரும்போது, தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தி அடைய வேண்டும். சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல முடிகிற ஆயுதத்தைச் சட்டம் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்கிறது.

கலெக்டர் 'முடியாது'ன்னா?

மறுக்கலாம். மனநிலை சரியில்லை, தகுதியற்றவர், பொது அமைதிக்கு ஆபத்து என்று கருதினால் பிரிவு 14-ன் கீழ் மறுக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பொதுநலன் கருதி அந்தக் காரணத்தை விண்ணப்பதாரரிடம் சொல்லாமலும் இருக்கலாம். மேல்முறையீடு செய்ய வழி உண்டு.

அதே பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது: சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் லைசென்ஸை மறுக்கக் கூடாது. பழைய காலத்தில் ஜமீன்தார், மிராசுதார் வீட்டுச் சுவரில் மட்டும் துப்பாக்கி தொங்கியதற்கு எதிராக எழுதப்பட்ட வரி அது. நடைமுறையில் 'எனக்கு உயிருக்கு ஆபத்து' என்று யார் சொன்னால் அதிகாரி நம்புகிறார் என்பது வேறு விஷயம். தொழிலதிபர் சொன்னால் ஒரு மாதிரி, நிலத் தகராறில் மிரட்டப்படும் கூலித் தொழிலாளி சொன்னால் இன்னொரு மாதிரி என்பதுதான் இந்த முறையின் மீது பலர் வைக்கும் குற்றச்சாட்டு.

2019-ல் என்ன மாறுச்சு?

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. முக்கியமான மாற்றங்கள்:

• ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. முதலில் ஒன்றே ஒன்று என்றுதான் அரசு மசோதா கொண்டுவந்தது. எதிர்ப்பு வந்ததால் இரண்டாக்கியது. தாத்தா காலத்துத் துப்பாக்கியும் இந்தக் கணக்கில் அடக்கம்.

• லைசென்ஸ் காலம் 3-லிருந்து 5 ஆண்டுகளாக உயர்ந்தது.

• கல்யாணம், ஊர்வலம், திருவிழாவில் ஜாலிக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வட மாநிலக் கல்யாண ஊர்வலங்களில் இப்படிப் பல உயிர்கள் போயிருக்கின்றன.

• சட்டவிரோதமாகத் தயாரிப்பது, விற்பது போன்ற குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

காலத்தை 5 ஆண்டாக நீட்டியதில் இரண்டு கருத்து உண்டு. அலைச்சல் மிச்சம் என்கிறார்கள் லைசென்ஸ்தாரர்கள். ஆனால் ஐந்து ஆண்டில் ஒரு மனிதர் குடிக்கு அடிமையாகலாம், மன அழுத்தத்தில் விழலாம், குடும்பச் சண்டை முற்றலாம். இடையில் யார் பார்க்கிறார்கள் என்பதுதான் எதிர்க் கேள்வி. வீட்டில் துப்பாக்கி இருப்பது தற்கொலை, குடும்பத்துக்குள் கொலை ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் பல ஏற்கெனவே காட்டியிருக்கின்றன.

பதிவு: கணக்கில் இருப்பதும் இல்லாததும்

முன்பெல்லாம் லைசென்ஸ் என்பது ஒரு சின்னப் புத்தகம். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு பேரேடு. ஒரு மாவட்டத்துக்கும் இன்னொரு மாவட்டத்துக்கும் தொடர்பே இருக்காது. இதை மாற்றத்தான் மத்திய உள்துறை அமைச்சகம் தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தை உருவாக்கியது. ஆதார் போல ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் ஒரு தனி அடையாள எண். அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது.

அந்தத் தரவுப்படி 2016 இறுதியில் நாடு முழுக்க 33.69 லட்சம் லைசென்ஸ்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். அடுத்து ஜம்மு காஷ்மீர் 3.69 லட்சம், பஞ்சாப் 3.59 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரம் சொச்சம்தான்.

இப்போது இன்னொரு எண்ணைப் பார்ப்போம். ஜெனீவாவில் இயங்கும் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' அமைப்பு, இந்தியாவில் பொதுமக்கள் கையில் சுமார் 7.11 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 2017 நிலவரப்படி மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. இருந்தாலும் ஒரு சின்னக் கணக்கு போடலாம். அன்றைய விதிப்படி ஒரு லைசென்ஸுக்கு 3 துப்பாக்கி என்று எல்லாருமே முழுசாக வைத்திருந்தாலும் சுமார் 1 கோடிதான் வரும். மீதி 6 கோடி? எந்தப் பேரேட்டிலும் இல்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளும் இதையே சொல்கின்றன. துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பங்கு லைசென்ஸ் இல்லாத ஆயுதங்களால் நடப்பவை. இரும்புப் பட்டறையில் செய்யும் கட்டா வகைத் துப்பாக்கிக்கு எண்ணும் இல்லை, பில்லும் இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்காகவே ஒவ்வொரு மாநிலத்திலும் தலைமைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமைத்து, பட்டறைகளைக் கண்டுபிடித்து ஒடுக்கச் செயல்திட்டம் தயாரிக்கச் சொன்னது.

'அப்போ லைசென்ஸ்காரங்களை ஏன் சார் பாடாப்படுத்துறீங்க?' என்பது துப்பாக்கி உரிமை கேட்பவர்களின் வாதம். அதற்குப் பதில் காஷ்மீரில் இருக்கிறது.

காஷ்மீர் லைசென்ஸ் மோசடி: பேரேடே பொய் சொன்னால்?

2017-ல் ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் போலீஸார் சிலரைப் பிடித்தபோது, அவர்களிடம் ஜம்மு காஷ்மீரில் வழங்கப்பட்ட துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்தன. ராணுவ வீரர்கள் என்ற பெயரில், போலி ஆவணங்களை வைத்து வாங்கியவை என்பது புகார். நூல் பிடித்துக்கொண்டே போனால் டீலர்கள், எழுத்தர்கள், அதிகாரிகள் என்று சங்கிலி நீண்டது. 2018-ல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது.

2012 முதல் 2016 வரை தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் வழங்கப்பட்டன என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு. குப்வாரா மாவட்டத்தில் கலெக்டர்களாக இருந்த இரண்டு ஐஏஎஸ் அதிகாரிகள் 2020-ல் கைது செய்யப்பட்டார்கள்.

இந்த வழக்கு சொல்லும் பாடம் முக்கியமானது. அந்தத் துப்பாக்கிகள் 'லைசென்ஸ் உள்ளவை' கணக்கில்தான் வரும். ஆனால் வாங்கியவர் யார், எதற்கு என்று யாரும் பார்க்கவில்லை. போலீஸ் அறிக்கை உரிய நாளுக்குள் வராவிட்டால் அதற்குக் காத்திருக்காமலேயே அதிகாரி முடிவெடுக்கலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. தாமதத்தால் மக்கள் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக வைத்த வசதி அது. தவறான கையில் அதுவே கதவாகிவிடும்.

பயிற்சி: சான்றிதழா, சடங்கா?

2016 ஆயுத விதிகளில்தான் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமானது. அதற்கு முன்பு பணமும் அனுமதியும் இருந்தால் போதும், தோட்டாவை எப்படி இறக்குவது என்றுகூடத் தெரியாமல் துப்பாக்கி வாங்கிவிடலாம். இப்போது பாதுகாப்பாகக் கையாள்வது, சுடும் முறை, பராமரிப்பு, சேமித்து வைப்பது, எடுத்துச் செல்வது ஆகியவற்றைக் கற்றுச் சான்றிதழ் பெற வேண்டும். மாவட்ட ஆயுதப்படை மைதானங்களும் ரைஃபிள் கிளப்களும்தான் பெரும்பாலும் பயிற்சி இடங்கள்.

எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்? உலகம் முழுக்க அடிப்படை ஒன்றுதான்:

• ஒவ்வொரு துப்பாக்கியும் தோட்டா நிரப்பியது என்றே நினைத்துக் கையாளணும்.

• சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது.

• குறி பார்த்து, சுட முடிவு செய்யும் வரை விரல் விசைமேல் போகக் கூடாது.

• குறிக்குப் பின்னால் என்ன இருக்கு, யார் இருக்காங்க என்று தெரிந்திருக்கணும்.

வீட்டில் வைக்கும்போது தோட்டா தனி, துப்பாக்கி தனி, இரண்டுக்கும் பூட்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைவிட முக்கியமான விதி வேறு இல்லை.

சிக்கல் எங்கே? பயிற்சி பெரும்பாலும் ஒருமுறை முடித்துவிடும் சமாச்சாரமாகிவிடுகிறது. ரிவால்வர் வாங்கி அலமாரியில் வைத்தவர் பத்து ஆண்டுகள் கழித்து அவசரத்தில் அதை எடுக்கும்போது, அன்று படித்தது கைக்கு வருமா? அலமாரி பூட்டியிருக்கிறதா என்று யாரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் வழக்கத்தில் இல்லை. உறுதிமொழிக் காகிதம் ஃபைலில் இருக்கும். இதனால்தான் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் சுட்டுக் காட்டும் தேர்வும், மருத்துவப் பரிசோதனையும் கறாராக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. தற்போதைய சட்டப்படி லைசென்ஸ்தாரர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை துப்பாக்கியோடு அதிகாரி முன் வர வேண்டும். அந்த ஒரு நாளையே மறுபயிற்சி நாளாகவும் ஆக்கலாம் என்பது எளிதான யோசனை.

லைசென்ஸே வேண்டாம்: குடகு கதை

பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் வீக் எண்டுக்குப் போகும் குடகில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே கொடவர் சமூகத்தினருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. பிரிட்டிஷ் காலத்திலிருந்து தொடரும் விலக்கு. 'கைல்போத்' திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்வார்கள், நாம் ஆயுத பூஜைக்கு வைப்பது போல. 2019-ல் மத்திய அரசு இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. சாதி அடிப்படையில் சலுகையா என்று எதிர்த்துப் போட்ட வழக்கை 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

துப்பாக்கி ஒரு பண்பாட்டின் அங்கமாக, பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குக் கையாளும் ஒழுக்கத்தோடு கைமாறினால் கட்டுப்பாடு குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம் என்பதற்கு இதை உதாரணம் காட்டுவார்கள். ஒரு சமூகத்தை நம்பலாம், இன்னொன்றை நம்ப முடியாது என்று அரசு எந்த அளவுகோலில் முடிவு செய்கிறது என்ற எதிர்க் கேள்வியும் நியாயமானதே.

நம்ம மலையில் நாட்டுத் துப்பாக்கி

தமிழ்நாட்டில் துப்பாக்கி என்றதும் சினிமாவில் ஹீரோ இடுப்பிலிருந்து உருவுவதுதான் நினைவுக்கு வரும். நிஜத்தில் இங்கே பேச வேண்டியது நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கிருஷ்ணகிரியின் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் இது பழைய விஷயம். கரி மருந்தும் பால்ரஸும் கெட்டித்துச் சுடுவது. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் மரவள்ளியும் நிலக்கடலையும் போய்விடும். அதற்குக் காவல் என்று சொல்வார்கள் விவசாயிகள். அதே துப்பாக்கியால்தான் வேட்டையும் நடக்கிறது, வேட்டையில் குறி தவறி மனிதர்கள் சாவதும் நடக்கிறது.

இங்கே போலீஸ் அடிக்கடி கையாளும் வழி 'ஒப்படைச்சிடுங்க, வழக்கு இல்லை' என்ற அறிவிப்பு. ஊர்ப் பெரியவர்கள் மூலமாகவோ, ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில் பக்கம் வைத்துவிட்டோ ஒப்படைப்பார்கள். மிரட்டலைவிட இது நன்றாக வேலை செய்கிறது. பெரிய அளவில் மணிப்பூரிலும் இதே வழி முயற்சிக்கப்பட்டது. 2023 வன்முறையில் போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து கொள்ளை போன துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில். 2025-ல் ஆளுநர் கெடு விதித்து ஒப்படைக்கச் சொன்ன பிறகு ஒரு பகுதி திரும்பி வந்தது.

ஆனால் ஒப்படைத்த விவசாயிக்கு மாற்று என்ன? பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. மலைக் கிராமத்திலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்குப் பலமுறை அலைய அவருக்கு நேரமும் காசும் இல்லை. லைசென்ஸ் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட முடியாது, வன உயிரினச் சட்டம் குறுக்கே வரும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் மட்டும் சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு முடிவெடுத்தது. பன்றிப் பிரச்சினையைத் தீர்க்காமல் துப்பாக்கிப் பிரச்சினை தீராது என்பது மலை மாவட்டங்களில் வேலை பார்த்த எந்தக் காவலருக்கும் தெரியும்.

கொடுத்தா பாதுகாப்பா, ஆபத்தா? அசாம் சொல்வது என்ன?

2025 மே 28-ல் அசாம் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. துப்ரி, பார்பேட்டா, மோரிகாவ், நகாவ், கோல்பாரா, தெற்கு சல்மாரா போன்ற பகுதிகளில் வாழும் பூர்வகுடிகளுக்குத் தாராளமாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பது. எல்லையோரத்தில் சிறுபான்மையாகிவிட்டவர்கள் பயத்தில் வாழ்கிறார்கள், இது நீண்ட காலக் கோரிக்கை என்றார் முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மா. ஆகஸ்டில் ஆன்லைன் விண்ணப்பமும் தொடங்கியது.

காங்கிரஸ் தலைவர் கவுரவ் கோகோய் கடுமையாக எதிர்த்தார். துப்பாக்கிகள் எல்லையில் பயந்து வாழ்பவர்களுக்குப் போகாது, ஆளும் கட்சி ஆதரவாளர்களுக்கும் உள்ளூர் கும்பல்களுக்கும்தான் போகும், சொந்தப் பகை தீர்க்கப் பயன்படும் என்பது அவர் வாதம்.

பஞ்சாப் நேர்மாறாகச் செய்தது. பாடகர் சித்து மூஸ்வாலா 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் துப்பாக்கியோடு போஸ் கொடுப்பதற்கும் துப்பாக்கியைப் புகழும் பாடல்களுக்கும் தடை, எல்லா லைசென்ஸ்களையும் மூன்று மாதத்தில் மறுஆய்வு என்று மாநில அரசு உத்தரவிட்டது.

ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், ஒரு மாநிலம் கதவைத் திறக்கிறது, இன்னொன்று சாத்துகிறது. காரணம், லைசென்ஸ் கொடுப்பதில் கலெக்டருக்கும் அவருக்கு மேலே இருக்கும் அரசுக்கும் உள்ள விருப்புரிமை.

பெண்கள் பாதுகாப்பை முன்வைத்தும் இதே விவாதம் நடந்தது. 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்காகவே 'நிர்பீக்' என்ற எடை குறைந்த ரிவால்வரைக் கொண்டுவந்தது. விலை 1 லட்சத்துக்கும் மேல். பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில் போய்வரும் பெண்ணுக்கு அது எட்டுமா? எட்டினாலும் கைப்பையிலிருந்து எடுத்து, பாதுகாப்பாகச் சுட நேரம் கிடைக்குமா? மணிப்பூரின் பினாலட்சுமி நெப்ராம் போன்ற ஆயுதக் கட்டுப்பாட்டு ஆர்வலர்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*ஏர் கன் வாங்க லைசென்ஸ் வேணுமா?*
0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத வேகத்திறன் என்றால் வேண்டாம். அதற்கு மேல் போனால் வேண்டும். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பொம்மை என்று நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வை போகும்.

*தாத்தாவின் துப்பாக்கி வீட்டில் இருக்கு. என்ன செய்யணும்?*
லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் லைசென்ஸ் தானாக வாரிசுக்கு வராது. துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ அனுமதி பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயதாகியிருந்தாலோ 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற விதிகளில் இடம் உண்டு. அலமாரியில் அப்படியே விட்டுவிடுவதுதான் ஆபத்து. நினைவுச் சின்னம் என்று நீங்கள் நினைப்பதைச் சட்டம் லைசென்ஸ் இல்லாத ஆயுதம் என்று சொல்லும்.

*ஏர்போர்ட்டில் பையில் ஒரு தோட்டா கிடைத்தால்?*
ஒரே ஒரு தோட்டாவானாலும் ஆயுதச் சட்ட வழக்குதான். இரவல் வாங்கிய பையில் கிடந்தது என்று மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கும், தெரியாமல் கிடந்தது என்று நிரூபணமானால் வழக்கு ரத்தாகவும் வாய்ப்புண்டு. அதற்குள் விமானமும் போயிருக்கும், நிம்மதியும் போயிருக்கும். யாருடைய பை என்றாலும் கிளம்பும் முன் உதறிப் பாருங்கள்.

*தேர்தல் நேரத்தில் ஏன் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்றாங்க?*
மிரட்டலும் கலவரமும் வரக் கூடாது என்பதற்காக. யார் யார் ஒப்படைக்க வேண்டும் என்று ஆய்வுக் குழு முடிவு செய்யும். வங்கிக் காவலாளிகள், விளையாட்டு வீரர்கள் போன்றோருக்கு விலக்கு கிடைக்கும். ஓய்வுபெற்ற ராணுவ வீரர்கள் பலருக்கு அந்த லைசென்ஸ்தான் பிழைப்பு என்பதால் இந்த விலக்கு முக்கியம்.

*நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாமா, விற்கலாமா?*
சும்மா கொடுக்க முடியாது. வாங்குபவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்கும் முன் 45 நாள் முன்னதாகக் கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இனி என்ன கவனிக்கணும்?

லைசென்ஸ் எண்ணிக்கையைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று சண்டை போடுவதைவிட மூன்று விஷயங்கள் அதிகம் உதவும். ஒன்று, தேசியத் தரவுத்தளத்தில் இருக்கும் ஒவ்வொரு லைசென்ஸுக்குப் பின்னாலும் நிஜமான ஆளும் நிஜமான துப்பாக்கியும் இருக்கிறதா என்று நேரில் சரிபார்ப்பது. இரண்டு, பயிற்சியை ஒருமுறைக் காகிதமாக விடாமல் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கையாளும் திறனைச் சோதிப்பது. மூன்று, உச்ச நீதிமன்றம் சொன்ன மாநிலக் குழுக்கள் பட்டறைத் துப்பாக்கிகள் விஷயத்தில் என்ன செய்தன என்று கேட்பது.

மூன்றாவது கேள்வியைக் கேட்பதற்கு நீங்கள் துப்பாக்கி வைத்திருக்க வேண்டியதில்லை. ஆர்டிஐ மனு எழுதத் தெரிந்தால் போதும்.